ரைஸ் குக்கரைப் பறிகொடுத்துவிட்டு நார்வே போன கதை

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில், விமான நிலையத்தில் இருப்பது மாதிரியே ஒரு எக்ஸ்ரே பெல்ட். எல்லாருடைய கைப்பையும் நேராகப் போய்க்கொண்டிருக்க, எங்களுடையது மட்டும் பக்கத்தில் ஒதுங்கி நின்றது. உள்ளே பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தது ஒரு குட்டி ரைஸ் குக்கர், இரண்டு பேருக்குச் சாதம் வைக்கிற அளவு. அதிகாரி அதை இரண்டு கையாலும் பத்திரமாக வெளியே எடுத்தார், ஏதோ குழந்தையைத் தொட்டிலில் இருந்து தூக்குகிற மாதிரி. ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டார், எனக்கு ஒரு ரசீது கொடுத்தார். இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் "நான் அப்பவே சொன்னேனா இல்லையா" என்பது முழுசாக இருந்தது.

கப்பலில் தீதான் பெரிய பயம். அதனால் சூடாகிற சாமான் எதையும் கேபினுக்குள் விடமாட்டார்கள். குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி, எதுவும் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பெரும்பாலும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி பற்றிப் பேச்சே இல்லை. இதெல்லாம் டிக்கெட்டோடு வரும் விதிமுறைத் தாளில் இருக்கிறது. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

எதற்கு இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். முப்பத்து மூன்று வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். டோக்கன் மணி, நோட்டு எண்ணும் இயந்திரம், "என்னம்மா, எவ்வளவு நேரம்" என்ற குரல்கள். ஓய்வு பெற்ற பிறகும் திருச்சியில் எங்கள் தெருவில் ஆடி மாதம் முழுக்க ஒலிபெருக்கி. ஆறு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெரிய கப்பலில் நாலு நாள் போயிருந்தோம். அதில் நீச்சல் குளத்தங்கரையில் நாள் முழுக்க மைக், சாப்பாட்டு வரிசையில் பிள்ளைகளின் தள்ளுமுள்ளு, திரும்பின இடத்திலெல்லாம் போட்டோ எடுத்து விற்கிற ஆள். ஊருக்கு வந்துதான் ஓய்வெடுத்தோம். அதனால் இந்த முறை இங்கிலாந்தில் இருக்கும் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: சத்தமில்லாத கப்பலாகப் பாரு.

அவள் தேடிய பிறகுதான் எனக்கும் விவரம் தெரிந்தது. பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் அமைதி என்று அர்த்தமில்லை. விர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழே யாரையும் ஏற்ற மாட்டார்கள். ஆனால் அங்கே போவது ராத்திரி இரண்டு மணி வரை ஆட்டம் போடுகிறவர்கள். வைக்கிங் கம்பெனியின் கடல் கப்பல்களிலும் 18 தான் வரம்பு, ஆனால் சுமார் 930 பேர்தான் ஏறலாம், கேசினோ கிடையாது. சாகா என்ற பிரிட்டிஷ் கம்பெனி 50 வயது தாண்டியவர்களுக்கானது, அதிலும் ஆயிரம் பேருக்குள்தான். பி அண்டு ஓ-வில் ஆர்கேடியா, அரோரா என்ற இரண்டு கப்பல்கள் பெரியவர்களுக்கென்றே ஓடுகின்றன, அவை கொஞ்சம் பெரியவை. ஆகவே வயதை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர் ஏறுகிறார்கள், கேசினோ உண்டா, குளத்தங்கரையில் இசை உண்டா, இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். நாங்கள் போன கப்பலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சின்னச் சின்னக் குறைகளும் சொல்லப்போகிறேன், அதற்கு ஒருவர் பெயரை இழுப்பானேன்.

சவுத்தாம்ப்டனில் ஏறி, நார்வே கரையோரமாக மேலே வடமுனை (வட துருவம் அல்ல, நார்த் கேப் என்ற பாறை முனை) வரை போய், திரும்பவும் அங்கேயே இறங்குகிற 14 இரவுப் பயணம். ஜூன் கடைசி. இரண்டு பேருக்குமாகக் கப்பலுக்கு மட்டும் ஒன்பது லட்சத்துக்குப் பக்கம் ஆனது. விமானம் தனி. விசாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் இங்கிலாந்து என்பதால் பிரிட்டன் விசா மட்டும் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் ஷெங்கன் நாடு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விசா என்ற ஏற்பாட்டில் சேர்ந்தது. நம் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா இல்லாமல் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். பிரிட்டன் விசாவிலும் திரும்ப நுழைய அனுமதி இருக்க வேண்டும். இரண்டையும் இந்தியாவிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒன்றுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வந்தால்தான் அடுத்ததற்குக் கொடுக்க முடியும், எனவே நாலு மாதமாவது முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு சின்ன ஊதல், ஒரு நீள ஊதல். அது கேட்டால் எங்கே போய் நிற்பது என்று காட்டுவார்கள். அதோடு சரி, கப்பல் வாயை மூடிக்கொண்டது. தினம் நடுப்பகலில் கேப்டன் ஒரு முறை பேசுவார். எங்கே இருக்கிறோம், காற்று எவ்வளவு, கீழே கடல் எத்தனை மீட்டர் ஆழம் என்று. மற்றபடி அறிவிப்பே கிடையாது. தாழ்வாரத்தில் கம்பளம், கதவு மூடும் சத்தம்கூடக் கேட்காது.

இந்த அமைதிக்குத்தானே காசு கொடுத்தோம்? முதல் மூன்று நாள் அது எங்களை என்னவோ செய்தது. சுற்றிலும் எழுபது வயதுக்காரர்கள் சாய்வு நாற்காலியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்க் கப்பலைச் சுற்றிவிட்டு வந்தார். எனக்குக் கையில் ஏதோ வேலை விட்டுப்போன மாதிரி இருந்தது. நாலாம் நாள் தானாக அடங்கியது. குறைந்த நாள் பயணம் எடுத்தால் அடங்குவதற்குள் இறங்க வேண்டிவரும், ஆகவே ஒரு வாரத்துக்குக் குறைந்து இந்த மாதிரிக் கப்பலில் போகாதீர்கள் என்பேன்.

இரண்டாம் நாள்தான் மானம் போனது. கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய கூடம், இருபது முப்பது பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து நாத்தனார் வாட்ஸாப்பில் வீடியோ கால். இவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து "அண்ணா! கப்பல்ல தோசை கிடைக்குதா?" என்று கூடமே அதிர ஒரு குரல். இவரும் அதே சுருதியில், "தோசையெல்லாம் எங்க, ரொட்டிதான்!" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு அம்மாள் மட்டும், எண்பது வயது இருக்கும், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று முதல் வீடியோ கால் எல்லாம் கேபினுக்குள், கதவைச் சாத்திவிட்டு.

நூலகத்துக்கு வெளியே ஒரு மேசையில் ஆயிரம் துண்டு ஜிக்சா படம் கலைந்து கிடந்தது. போகிற வருகிறவர்கள் நின்று, ஒன்றிரண்டு துண்டைப் பொருத்திவிட்டுப் போவார்கள். மூன்றாம் நாள் நான் போய் உட்கார்ந்தபோது எதிரே அதே அம்மாள். பத்து நிமிஷம் இரண்டு பேரும் வானத்து நீலத் துண்டுகளாகப் பொறுக்கினோம். அப்புறம் தலையைத் தூக்காமலே ஆங்கிலத்தில் கேட்டாள்: "சரி, தோசை கிடைத்ததா?" லெஸ்டரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவளாம், மாணவர்கள் வீட்டில் தோசை சாப்பிட்டிருக்கிறாள். அந்த உரையாடலில் அவளுக்குப் புரிந்த ஒரே வார்த்தை அதுதான். கணவர் போனபின் தனியாகவே வருகிறாளாம். தனி ஆளுக்கென்றே சின்னக் கேபின்கள் சில கப்பல்களில் இருக்கின்றன. இல்லாவிட்டால் ஒருவர் இரண்டு பேர் காசில் பெரும்பகுதியைக் கட்ட வேண்டும் என்றாள்.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டால், நான் சைவம், இவர் எல்லாம் சாப்பிடுவார். முதல் இரவு எனக்கு வந்தது காளானைத் திணித்த ஒரு கத்திரிக்காய், உப்பில்லை, காரமில்லை. இரண்டாம் இரவும் கிட்டத்தட்ட அதே. வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக்கூடத்து மேலாளரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டால் அடுத்த நாளைக்குத் தனியாகச் செய்து தருகிறார்கள். சமையலறையில் எப்படியும் நம் நாட்டு ஆட்கள் இருப்பார்கள். எங்கள் கப்பலில் நாகர்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். ஐந்தாம் நாள் மேசைக்கே வந்து, "அம்மா, நாளைக்கு ரசம் வெச்சுத் தரட்டுமா? புளி கிடையாது, எலுமிச்சம்பழம்தான்" என்றார். மறுநாள் கிண்ணத்தில் ஆவி பறக்க வந்தது. மிளகு தூக்கலாக, மேலே கொத்தமல்லி. வெளியே கடலில் ஏழு டிகிரி. அந்தக் கிண்ணத்தை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஏழெட்டு மாத ஒப்பந்தமாம் அவருக்கு, கைக்குழந்தை பிறந்து இன்னும் முகம் பார்க்கவில்லையாம். அந்த அமைதியான கூடத்துக்குக் கீழே வேறொரு ஊரே வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

வட கடலில் இரண்டாம் இரவே ஆட்டம். விலை குறைவு என்று மகள் தடுத்தும் கேட்காமல் மூக்குப் பக்கத்துக் கேபினை எடுத்திருந்தேன். கப்பல் நீளவாட்டில் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும்போது நடுவில் இருப்பவர்களுக்கு அசைவு குறைவு, நுனியில் இருப்பவர்களுக்கு முழு ஊஞ்சல். நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுப்பதுதான் புத்தி. இவருக்கு வாந்தி நிற்காமல் கப்பல் மருத்துவரிடம் ஊசி போட்டோம். பில்லைப் பார்த்ததும் எனக்கு வரவேண்டியதும் வராமல் நின்றுவிட்டது. வாந்தி மாத்திரையை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அறுபது தாண்டியவர்கள் காப்பீடு எடுக்கும்போது, கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிப்போனால் அந்தச் செலவும் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபை மட்டும் பயன்படுத்துங்கள். தெரியாமல் கப்பலின் செல் நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டால் பில் பயங்கரம்.

லோஃபோட்டன் தீவுகளில் இறங்கியபோது எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. ஆளுயரத்துக்கு மேலே மரச்சட்டங்கள், வரிசை வரிசையாக. பிப்ரவரியிலிருந்து அதில் காட் மீனை இரண்டிரண்டாக வாலைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். நாங்கள் போகும்போது பெரும்பாலும் இறக்கிவிட்டார்கள், கிடங்கில்தான் பார்த்தோம். கருவாடேதான், ஆனால் உப்பு போடாத கருவாடு. நம் ஊர் வெயிலில் உப்பில்லாமல் காய வைத்தால் அழுகிவிடும். அங்கே குளிர் உறையும் புள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்பதால் ஈயும் வராது, மீனும் கெடாமல் காற்றிலேயே கட்டையாகிவிடும். தட்டிப் பார்த்தால் விறகு சத்தம். தலைகளைத் தனியே காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்களாம், அங்கே குழம்புக்கு. சைவக்காரி நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் நின்று கேட்டேன்.

விளக்கு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பொழுது சாயும்போது விளக்கேற்றாமல் ஒரு நாள் இருந்ததில்லை. கப்பலில் நெருப்பு கூடாது என்பதால் பேட்டரியில் எரிகிற சின்ன அகல் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஆனால் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியபின் பொழுது எங்கே சாய்கிறது? வட நார்வேயில் இருக்கும் டிரோம்சோ ஊரில் மே மூன்றாம் வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் இறங்குவதே இல்லை. விளக்கு வைக்கிற நேரம் எது என்று இவரிடம் கேட்டேன். "திருச்சியில எப்ப இருட்டுதோ அப்ப வை" என்றார். அங்கே மதியம் மூன்று மணிக்கு, கொளுத்துகிற வெயிலில், ஆறு நாள் அந்தப் பிளாஸ்டிக் அகலை வைத்தேன். தூக்கத்துக்கு அடர்த்தியான திரைச்சீலை இருக்கிறது, ஆனாலும் ஓரத்தில் வெளிச்சம் கசியும். கண்ணைக் கட்டும் துணி ஒன்று கொண்டுபோங்கள்.

ஹானிங்ஸ்வோக் என்ற ஊரில் கப்பல் நின்றது. அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வடமுனை, 71 டிகிரி வடக்கு. 307 மீட்டர் செங்குத்துப் பாறை, கீழே கடல், நுனியில் இரும்பில் செய்த ஒரு உலக உருண்டை. வழியில் கலைமான்கள் ரோட்டோரத்தில் நம் ஊர் மாடு மாதிரி நின்றன. 1907இல் சயாம் மன்னர் சூளாலங்கரண் இங்கே வந்தாராம், அவர் நினைவாகப் பாறைக்குள்ளே ஒரு குட்டி அருங்காட்சியகம்கூட வைத்திருக்கிறார்கள். அன்று நான் புடவையில் போனது தப்பு. காற்று கொசுவத்தைப் பிடுங்கியது, பஸ்ஸிலிருந்து உருண்டை வரைக்கும் ஒரு கை புடவையிலேயே போய்விட்டது. உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை, மேலே சல்வார், அதற்கு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், இதுதான் அங்கே உடுப்பு. புடவை ராத்திரிச் சாப்பாட்டுக்கு. இந்த மாதிரி ஊர்களில் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போனால் காசு கூடத்தான். ஆனால் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது.

அன்று ராத்திரி மேல் தளத்தில் இருநூறு பேராவது இருந்திருப்போம். கடிகாரத்தில் பன்னிரண்டு அல்ல, பன்னிரண்டு இருபதுக்குத்தான் சூரியன் தன் அடிமட்டத்துக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். கையை நீட்டிப் பிடித்தால் கடலுக்கும் சூரியனுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி. நேர் வடக்கில். இறங்காமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. கொடிக் கயிறு கம்பத்தில் தட்டுகிற சத்தம் மட்டும். இவர் என் காதோரம் குனிந்து, "நம்ம ஊரு அஞ்சரை மணி வெயில் மாதிரி இருக்குல்ல" என்றார், அதுவும் கிசுகிசுப்பாக. ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் அவர் அதைக் கூவியிருப்பார்.

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்திருக்கும் கெய்ராங்கர் ஃபியோர்டைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், நான் விடுகிறேன். ஒன்று மட்டும். அந்த ஊரை அடைவதற்கு முன் வரும் மலைச்சந்துதான் பார்க்க வேண்டியது, அது விடிகாலையில் வந்துவிடும். ஏழு சகோதரிகள் அருவியைத் தூங்கிக் கழித்தவர்கள் எங்கள் கப்பலில் நிறையப் பேர்.

கடைசி இரவு பெட்டியைப் பூட்டி, கலர் சீட்டு கட்டி, பத்து பத்தரைக்குள் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். ராத்திரியே எடுத்துப் போய்விடுவார்கள். இவர் பொறுப்பாக எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டார். காலையில் எழுந்தால் போட்டுக்கொள்ள பேன்ட் இல்லை. கட்டியிருந்த லுங்கியோடு தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்தார், பெட்டி போய் ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. கேபின் பார்த்துக்கொண்ட பிலிப்பைன்ஸ் பையன் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு டிராக் பேன்ட் கொண்டுவந்து கொடுத்தான். கணுக்காலுக்கு மேலே நின்றது.

அந்த டிராக் பேன்ட்டோடுதான் இவர் இறங்கினார். கீழே ஒரு மேசையில் பறிமுதல் சாமான்கள் வரிசையாக இருந்தன. ஏழெட்டு கெட்டில், இரண்டு இஸ்திரிப் பெட்டி, ஓரமாக என் குக்கர். ரசீதைக் கொடுத்து வாங்கிக்கொண்டு திரும்பினால் பின்னால் அந்த லெஸ்டர் அம்மாள், கைத்தடியோடு. குக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதில்தானா தோசை?"

"இல்லை, சோறு."

"அப்படியானால் தோசைக்கல் எங்கே?" என்றாள்.

"வீட்டிலேயே விட்டுவிட்டேன்" என்றேன்.